நாற்காலி அடுக்கும் தம்பிக்கு எந்தப் பயிற்சி?

வாசகர் கேள்வி:

"என் தம்பிக்கு 17 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். 18 முடிந்ததும் வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தொழிற்பயிற்சி வகுப்பில் காகித உறையும் மெழுகுவர்த்தியும் செய்யச் சொல்லித் தருகிறார்கள். அவனுக்கு அதில் மனம் போகவில்லை. பாதியில் எழுந்துபோய்க் கூடத்தில் கிடக்கும் நாற்காலிகளை எல்லாம் அடுக்கி வைக்கிறான். 'கவனமே இல்லை, எந்த வேலைக்கும் தயாராக மாட்டான்' என்கிறார் ஆசிரியர். சில சொற்களைப் பார்த்து அடையாளம் காண்பான், இருபது வரை எண்ணுவான், பணக் கணக்கு வராது. ஏதாவது ஒரு சான்றிதழ் கோர்ஸில் சேர்த்துவிடலாம் என்கிறார் அம்மா. 'வெளியே போனால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள், நான் இருக்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்' என்கிறார் அப்பா. நான் மூத்தவள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். அவர்களுக்குப் பிறகு அவன் என்னிடம்தான் வருவான். எந்தப் பயிற்சியில் சேர்த்தால் அவனுக்கு ஒரு வாழ்க்கை அமையும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த நாற்காலி விஷயம்தான். ஆசிரியருக்கு அது கவனக்குறைவாகத் தெரிகிறது. எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. யாரும் சொல்லாமலே, தாறுமாறாகக் கிடப்பதைப் பார்க்கிறான். தானாக எழுந்து போகிறான். எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கும்வரை செய்கிறான். உட்கார்ந்த இடத்தில் விரல் நுனியால் செய்யும் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. நடமாடிக்கொண்டே பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் வேலை பிடித்திருக்கிறது. வேலை கொடுப்பவர்கள் தேடி அலையும் குணம் இது. இதை வகுப்பறையில் தவறாகக் குறித்துவைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எந்தக் கோர்ஸிலும் சேர்க்க வேண்டாம். முதலில் நாலைந்து விதமான உண்மையான வேலையிடங்களில் அவனைக் கொஞ்ச நாள் இருக்க வையுங்கள். எது பொருந்துகிறது என்று தெரிந்தபிறகு, பயிற்சியை அந்த இடத்திலேயே கொடுங்கள்.

ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவது கடினம். பள்ளி மேசையில் துணி மடிக்க நன்றாகக் கற்றவர், சலவைக்கூடத்தின் உயரமான மேசை முன்னால், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். பள்ளியில் செலவழித்த மாதங்கள் அப்படியே கரைந்துவிடும். அதனால்தான் 1970-களின் இறுதியிலும் 80-களிலும் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் பால் வேமன் போன்ற ஆய்வாளர்கள் பழைய முறையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதுவரை 'பயிற்சி கொடு, தயாரானபின் வேலையில் அமர்த்து' என்றுதான் நடந்துகொண்டிருந்தது. தயாராகிக்கொண்டே பலர் நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். 'முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு' என்பதுதான் இவர்கள் கொண்டுவந்த மாற்றம். உதவியுடன் கூடிய வேலைவாய்ப்பு என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

"எந்த வேலைக்கும் தயாராக மாட்டான்" என்ற சொல்லை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்க் கோல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் சைக்கிள் பிரேக்கை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். 15 பாகங்கள் கொண்ட பிரேக். அதைக் கோக்கக் கற்றவர்கள், எளிய வேலைக்குக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டு, குறைபாடு உள்ளவர்கள் மட்டும் வேலை செய்யும் பாதுகாக்கப்பட்ட பணிமனைகளில் இருந்தவர்கள். பாகங்களைக் கோக்கும் வரிசையில் ஒரு தட்டில் அடுக்கி வைத்தார். ஒவ்வொரு பாகத்திலும் கோக்கும்போது எந்தப் பக்கம் தன்னை நோக்கி வர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசினார். பேச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அவர்கள் கோத்தார்கள். பிறகு 24 பாகங்கள் கொண்ட வேறொரு பிரேக்கையும் கற்றார்கள். 1972-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்று என்பதே அவருடைய வாதம். ஒருவரின் அறிவுத்திறன் எண்ணைப் பார்த்து அவரால் எது முடியும், முடியாது என்று சொல்லிவிட முடியாது என்பதை இந்தத் துறை அவரிடமிருந்துதான் உறுதியாகக் கற்றது.

சரி, வீட்டிலிருந்து எங்கே தொடங்குவது? அம்மாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இரண்டு மூன்று வாரம், தம்பி தானாக என்ன செய்கிறான் என்று மட்டும் எழுதட்டும். விடுமுறை நாள் காலையில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் என்ன செய்கிறான்? எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறான்? எதிலிருந்து எழுந்து ஓடுகிறான், அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது? சத்தம் தாங்குவானா, வெயில் தாங்குவானா, எத்தனை நேரம் நிற்பான், காலையில் சுறுசுறுப்பா மாலையிலா, புதியவர்களைக் கண்டால் என்ன செய்வான்? இது மருத்துவ அறிக்கையில் கிடைக்காத தகவல். 'மிதமான குறைபாடு' என்பது அவனுக்கு எவ்வளவு உதவி தேவை என்பதைத் தோராயமாகச் சொல்லும். அவன் எங்கே பொருந்துவான் என்பதைச் சொல்லாது.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்தே சில இடங்களை யோசிக்க முடிகிறது. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை வண்ணப் பட்டையைப் பார்த்து அடுக்குவது. கடையில் அலமாரிகளை நிரப்புவது. மருத்துவமனையில் துணிவண்டியை நிரப்பி ஒவ்வொரு வார்டாகக் கொண்டுபோய் வைப்பது. கிட்டங்கி, விழா அரங்கு, நாற்றுப்பண்ணை. எல்லாவற்றிலும் உடம்பு அசைகிறது, பொருளுக்கு ஓர் இடம் இருக்கிறது, முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது முடியும் என்று தெரியாத வேலைதான் நம் பிள்ளைகளை அதிகம் சோர வைக்கிறது. காகித உறையில் அவன் பாதியில் எழுந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கட்டு முடிந்ததும் இன்னொரு கட்டு வந்து நிற்கும்.

முதல் வேலையிடமாகப் பள்ளியையே கேட்கலாம். கூட்டம் நடக்கும் நாளில் கூடத்தைத் தயார் செய்வது அவன் பொறுப்பு என்று ஆக்கச் சொல்லுங்கள். எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை நாற்காலி என்று ஒரு படம் வரைந்து கையில் கொடுக்க வேண்டும். இருபது வரை எண்ணத் தெரிந்தவனுக்கு அது போதும். படத்தைப் பார்த்து, போட்டு முடித்து, பொறுப்பாளரிடம் போய் "முடிஞ்சது" என்று சொல்லி, கூட்டம் முடிந்ததும் மீண்டும் வந்து எடுத்து வைக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது, இதுவரை கவனக்குறைவு என்று பெயர் வாங்கியது பொறுப்பான வேலையாகிறது. அடுத்த இடத்தில் பேசும்போது உங்களிடம் காட்ட ஓர் அனுபவமும் இருக்கும்.

சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது இங்கேதான். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிப்பவர் மேசையில் உட்கார்ந்து பிரிக்கக் கூடாது. அந்த வேலையை அங்கே தினமும் செய்கிறவரைப் பார்த்து, பிறகு தானே செய்து பார்த்து, அப்புறம்தான் எழுத வேண்டும். துணிவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 'வண்டியை நிரப்பு' என்பதற்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள்: வண்டியின் பிரேக்கைப் போடுவது, மேல் தட்டில் போர்வை, நடுத்தட்டில் உறை, கீழ்த்தட்டில் துண்டு, மடிப்பு விளிம்பு வெளியே தெரிய வைப்பது, கறை இருந்தால் தனிக் கூடையில் போடுவது, தட்டில் ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேல் அடுக்காமல் நிறுத்துவது. 'போதும் என்கிற அளவு' என்று வாயால் சொன்னால் அவனுக்குப் புரியாது. ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. பாதிப் பயிற்சி இப்படி இடத்தை மாற்றி அமைப்பதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம், உதவி எப்படிக் கொடுக்கிறோம் என்பது. முதலில் காத்திருக்க வேண்டும், ஐந்தாறு விநாடியாவது. அவன் தொடங்கவில்லை என்றால் பொருளைச் சுட்டிக்காட்டலாம். அதற்கும் நகரவில்லை என்றால் செய்து காட்டலாம். அதுவும் போதவில்லை என்றால் அவனிடம் கேட்டுக்கொண்டு கையைப் பிடித்துச் செய்யலாம். நாம் எல்லோரும் முதலில் செய்வது என்ன? வாயைத் திறப்பதுதான். "அடுத்து என்ன? ம்ம்ம்? அதை எடு, அதை இல்ல, பக்கத்துல." பேச்சால் கொடுக்கும் உதவியைத் திரும்பப் பெறுவதுதான் மிகவும் கடினம். அவன் வேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் வாயைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். பயிற்சியாளர் போனதும் வேலையும் நின்றுவிடும். படவரிசை, கைபேசியில் எடுத்த சிறு வீடியோ, அலாரம் இவை மேல். பயிற்சியாளர் போனபிறகும் இவை அங்கேயே இருக்கும்.

வேலை தெரிவது ஒன்று, வேலையிடத்தில் இருக்கத் தெரிவது இன்னொன்று. நான் பயிற்சி கொடுத்த ஒரு இளைஞர் ஒரு சலவைக்கூடத்தில் சேர்ந்தார். போர்வை மடிப்பதில் அங்கிருந்த யாருக்கும் அவர் குறைந்தவர் இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் அவரை அனுப்பிவிடும் முடிவுக்கு வந்துவிட்டார். காரணம், இடைவேளைக்குப் போனால் திரும்பி வருவதில்லை. சோம்பேறி என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எழுவதில்லை. ஒருவர் எழுந்தால் அடுத்தவரும் எழுகிறார். இவர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அந்தச் சமிக்ஞையே தெரியவில்லை. கையில் அதிரும் கடிகாரம் ஒன்று கட்டிவிட்டோம். அதைவிட முக்கியமாக, அதே மேசையில் வேலை பார்த்த மூத்த பணியாளர் ஒருவர், "வா, நம்மகூட வந்து உட்காரு" என்று கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் கடிகாரம் தேவைப்படவில்லை. வேலையிடத்தில் இப்படி இயல்பாக ஒருவர் பக்கத்துணையாக அமைவதை எந்தப் பயிற்சி நிலையமும் கொடுக்க முடியாது. பயிற்சியாளர் செய்ய வேண்டிய பெரிய காரியம், அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டு, தான் மெல்ல மெல்ல விலகுவது. அன்றாடம் ஒரு மணி நேரம், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு தொலைபேசியில். ஒரேயடியாக விலகிவிடவும் கூடாது. மேற்பார்வையாளர் மாறினால், இயந்திரம் மாறினால், ஷிப்ட் மாறினால் திரும்பிப் போய் நிற்க வேண்டும்.

பள்ளியின் கடைசி வருடத்தையே வேலையிடத்தில் கழிக்க முடியுமா? முடியும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-ல் ப்ராஜெக்ட் சர்ச் என்ற திட்டம் தொடங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவில் பொருள்களை நிரப்பி வைக்க ஆள் நிலையாக நிற்கவில்லை. அந்தப் பிரிவின் பொறுப்பிலிருந்த எரின் ரீல், வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்கள் இதைச் செய்யலாமே என்று யோசித்தார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. மாணவர்கள் கடைசி வருடம் முழுவதும் ஒரே பெரிய நிறுவனத்துக்குப் போகிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் வகுப்பும் அங்கேயே. வருடத்தில் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் பயிற்சி. உங்கள் பகுதியில் இந்தத் திட்டம் இல்லாமல் போகலாம். ஆனால் அதன் அமைப்பை ஒரு பள்ளியும் ஒரு மருத்துவமனையும் ஒரு சிறப்பாசிரியரும் மனது வைத்தால் சிறிய அளவில் செய்யலாம். பள்ளியில் இருக்கும்போதே உண்மையான வேலையில், அதுவும் சம்பளத்துக்கு, இருந்த மாணவர்களுக்குப் பிற்காலத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதே ஆய்வுகளில் அடிக்கடி வரும் இன்னொரு விஷயம் பெற்றோரின் எதிர்பார்ப்பு. பிள்ளை வேலைக்குப் போவான் என்று வீடு நம்பினால், அதற்கேற்ற காரியங்களை வீடு செய்கிறது.

அம்மா சொல்லும் சான்றிதழ் கோர்ஸைப் பற்றி. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஒரு காகிதம் கையில் இருந்தால் குடும்பத்துக்கு வரும் நிம்மதி எனக்குத் தெரியும். ஆனால் சேர்க்கும் முன் அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" பதில் 'வீட்டில்' என்றோ 'மறுபடி இங்கேயே வேறு கோர்ஸில்' என்றோ வந்தால் யோசியுங்கள். வேலையிடங்களின் பெயரைச் சொன்னால், இரண்டு இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பாதுகாக்கப்பட்ட பணிமனைகளைப் பற்றியும் நீங்கள் கேள்விப்படுவீர்கள். பள்ளியே அங்கே அனுப்பச் சொல்லலாம். குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் இடம். பாதுகாப்பு உண்டு, நண்பர்கள் உண்டு, ஒரு நாள் ஒழுங்காகக் கழியும். ஆனால் பல இடங்களில் சம்பளம் பெயருக்குத்தான், உள்ளே போனவர்கள் வெளியே வருவது அபூர்வம். ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. அதன் 27-ஆம் பிரிவு, எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலைச் சந்தையில் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யும் உரிமையைச் சொல்கிறது. 2022-ல் அந்த உடன்படிக்கைக் குழு வெளியிட்ட விளக்கவுரை, பிரித்துவைக்கும் பணிமனைகளை அந்த உரிமை நிறைவேறியதாகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் வேறு எதுவுமே இல்லாத ஊரில், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருப்பதைவிடப் பணிமனை மேல் என்று நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சேர்த்தால், எத்தனை மாதத்தில் வெளி வேலைக்கு முயற்சி செய்வீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவிலும் வழிகள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்துக்குள் நாலைந்து பேர் ஒரு பயிற்சியாளருடன் குழுவாக வேலை செய்வது. அவனால் முடிந்த சிறு வேலைகளை ஒன்று சேர்த்து அவனுக்கென்றே ஒரு பணியை உருவாக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுவது. இதை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவர்களின் நேரத்தைத் தின்னும் சில்லறை வேலைகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. குடும்பத் தொழில் என்றால், அவனுக்கென்று நேரம், பொறுப்பு, கூலி மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது எடுபிடி வேலையாகிவிடும். வாரம் முழுக்க வேலை கிடைக்காவிட்டால் இரண்டு நாள் வேலை, ஒரு நாள் தொடர்கல்வி, ஒரு நாள் விளையாட்டு என்று அமைப்பதிலும் தவறில்லை. முழுநேர வேலை முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கும் வாரத்துக்கு ஒரு வடிவம் வேண்டும்.

இப்போது அப்பா. அவருடைய பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு என்பது முழு உண்மை இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் எந்தப் பழக்கமும் இல்லாமல், நாலு பேரைத் தெரியாமல், நாற்பது வயதில் பெற்றோரை இழந்து முதன்முதலாக வெளியே வருபவனைத்தான் ஏமாற்றுவது மிகவும் சுலபம். ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். மற்ற மனிதர்களுக்கு இருக்கும் சாதாரண ஆபத்துகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் வேண்டும், அதைப் பறிப்பது அவர்கள் கண்ணியத்தைக் குறைப்பது என்றார் அதில். அப்பாவிடம் இந்தக் கட்டுரையைப் பற்றி வாதாட வேண்டாம். அவர் கையிலேயே ஒரு வேலையைக் கொடுங்கள்: தம்பிக்குப் பயணம் கற்றுக்கொடுப்பது.

ஒரே ஒரு பாதை, வீட்டிலிருந்து வேலையிடம் வரை. முதலில் அப்பா பக்கத்தில் நடப்பார். பிறகு பத்தடி பின்னால். பிறகு பேருந்தில் இரண்டு இருக்கை தள்ளி. பிறகு தம்பி ஏறுவதைப் பார்த்துவிட்டு வேறு வண்டியில் போய் இறங்குமிடத்தில் நிற்பார். இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய அடையாளம் எது என்று ஒரு புகைப்படம் கைபேசியில் இருக்கட்டும். இறங்குமிடம் தவறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே தவறவிட்டு ஒத்திகை பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒத்திகையை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் காப்பாற்றுவது இதுதான். தம்பி அப்பா கண்ணெதிரே ஒவ்வொரு படியாகத் தாண்டுவதைப் பார்ப்பதைவிட அவரை மாற்றக்கூடியது வேறெதுவும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது உடலைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவன் 17 வயது ஆண்பிள்ளை. யார் தொடலாம், எங்கே தொடக் கூடாது, தனிமையில் செய்ய வேண்டியவை எவை, ஒருவரைப் பிடித்திருந்தால் எப்படி நடந்துகொள்வது, பிடிக்காததை ஒருவர் செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது என்பதெல்லாம் படங்களை வைத்து, வெட்கப்படாமல், திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். சொல்வதை எல்லாம் கேட்கும் பிள்ளை என்று பாராட்டி வளர்த்தால் 'முடியாது' என்று சொல்லவே தெரியாமல் போய்விடும். வீட்டில் அவன் சின்ன விஷயங்களில் மறுக்கும்போது, அந்த மறுப்புக்கு மதிப்புக் கொடுங்கள்.

பணக் கணக்கு வராதது தடையே இல்லை. கூட்டல் கழித்தல் வரும்வரை காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். கடைக்காரர் சொல்லும் தொகையில் முழு எண்ணை மட்டும் கவனித்து, அதற்கு ஒன்று கூட்டிக் கொடுத்து மீதியை வாங்குவது ஒரு முறை. எண்ணத் தெரிந்தால் போதும், சில்லறை அறிய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்த அட்டை இன்னொரு முறை. சம்பளம் வந்தால் அதில் ஒரு பகுதி அவன் இஷ்டத்துக்கு. வேலைக்கும் கையில் வரும் காசுக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் அவனுக்குப் புரியும். முழுச் சம்பளத்தையும் பெரியவர்கள் வாங்கி வைத்துவிட்டால், ஆறு மாதத்தில் வேலையில் ஆர்வம் போய்விடும். இதோடு குளியல், சவரம், துணி துவைத்தல், அலாரம் வைத்து எழுதல் இவற்றை இன்றே அவன் கைக்கு மாற்றுங்கள். வேலைக்குப் போனபிறகு பழக்குவோம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு முறை கண், காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டும். மந்தம், கவனமில்லை என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேருக்குக் காது சரியாகக் கேட்காததுதான் காரணமாக இருந்திருக்கிறது.

18 வயது ஆகும்போது சட்டப்படி என்ன மாறுகிறது என்பதைப் பிறந்தநாளுக்கு முன்னாலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில் அன்றோடு அவன் சட்டப்படி வயதுவந்தவன். வங்கி, மருத்துவமனை எல்லாமே அவன் கையெழுத்தைக் கேட்கும். முழுப் பாதுகாவலர் உரிமை வாங்கிவிடுங்கள் என்றுதான் முதலில் யாரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, அவனுடைய முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்வதற்குப் பதில், அவன் முடிவெடுக்க உதவி செய்யும் ஏற்பாட்டைச் சொல்கிறது. கூட்டுக் கணக்கு, குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும் அதிகாரம் என்று உங்கள் சட்டத்தில் சின்ன வழிகள் இருந்தால் அவற்றை முதலில் பாருங்கள். உதவித்தொகை வாங்குவதாக இருந்தால், சம்பளம் வந்தால் அது நிற்குமா, குறையுமா என்பதை வேலையில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு பயத்தாலேயே நல்ல வேலைகளைக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு.

நேரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் அதிகமில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 16 வயதுக்குள்ளேயே பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் எழுதப்பட வேண்டும் என்று இருக்கிறது. தம்பி அதைத் தாண்டிவிட்டான். அதனால் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பள்ளியில் ஒரு கூட்டம் கேளுங்கள். தம்பியும் அதில் உட்கார வேண்டும். அவனுக்குப் பேச வராவிட்டால், பிடித்த இடம், பிடித்த வேலை, பிடிக்காத சத்தம் என்று பத்துப் பதினைந்து புகைப்படங்களை முன்னால் வைத்து அவனே எடுத்துக் காட்டட்டும். தொழிற்பயிற்சி நேரத்தில் வாரம் இரண்டு அரைநாளை வெளி வேலையிடத்துக்கு மாற்ற முடியுமா, உடன் யார் போவார், பள்ளியை விட்டபின் முதல் ஆறு மாதம் யாரை அழைக்கலாம் என்ற மூன்றுக்கும் பெயரோடு பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. "அவன் என்னிடம்தான் வருவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் எழுதியிருக்கிறீர்கள், பயத்திலும் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே நியாயம். ஆனால் அவன் எங்கே, யாருடன் வாழ வேண்டும் என்று அவனிடமும் கேட்கவில்லை, உங்களிடமும் யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் உதவி பெற்றுத் தனி அறையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், நண்பர்களோடு சிறு குழு வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். பொறுப்பு என்றால் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்வது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அப்பா அம்மா நன்றாக இருக்கும்போதே இதைப் பேசுங்கள். சங்கடமாக இருக்கும், பேசுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறை நாலைந்து நாள் பெற்றோர் இல்லாமல் அவன் உங்களிடமோ ஓர் உறவினரிடமோ நண்பர் வீட்டிலோ தங்கிப் பழகட்டும். அவனைத் தெரிந்தவர்கள் என்று உங்கள் ஒருவரைத் தவிர இன்னும் மூன்று பேராவது இருக்க வேண்டும்.

அவனைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எதில் கெட்டிக்காரன், எப்படிச் சொன்னால் புரியும், எது பதற வைக்கும், பதறினால் என்ன செய்ய வேண்டும், என்ன மருந்து, யாரை அழைக்க வேண்டும். ஒரு பிரதி பெற்றோரிடம், ஒன்று உங்களிடம், ஒன்று வேலையிடத்தில் பக்கத்துணையாக இருப்பவரிடம். வேலையிடத்துக்குக் கொடுக்கும் பிரதியில் மருத்துவ விவரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தம்பியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.